விருந்துக்கு ஒயினும் காக்டெய்லும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்டுக் கடைசி நெருங்கினால் போதும், நண்பர்களில் ஒருவர் வீட்டில் விருந்து வைப்பார், இன்னொருவர் அந்த விருந்துக்குக் கையில் என்ன கொண்டுபோவது என்று விழிப்பார். இரண்டு பேருமே எனக்குத்தான் போன் செய்வார்கள். எப்போதோ ஒரு விருந்தில் நான் கலந்து கொடுத்த பானம் நன்றாக அமைந்துவிட்டதன் பலன் இது. சொன்னதையே திரும்பச் சொல்லி அலுத்துப்போய், கேள்விகளைக் கேட்டவர்கள் வாக்கிலேயே இங்கே எழுதி வைத்திருக்கிறேன். குடிக்கும் வயது வந்தவர்களுக்கு மட்டும்.

1. இருபது பேர் வர்றாங்க. எத்தனை பாட்டில் வாங்கணும்?

வழக்கமான ஒயின் பாட்டில் 750 மி.லி. ஒரு கிளாசுக்கு 150 மி.லி. என்றால் ஐந்து கிளாஸ் வரும். ஒருவர் ஒரு மணி நேரத்துக்கு ஒரு கிளாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது பேரில் ஐந்து பேராவது குடிக்காதவர்களாக இருப்பார்கள். மீதிப் பதினைந்து பேருக்கு மூன்று மணி நேர விருந்தென்றால் 45 கிளாஸ், அதாவது ஒன்பது பாட்டில். பத்தாக வாங்குங்கள். கார்க் கோளாறால் ஒரு பாட்டில் வீணாகலாம், ஒன்று கீழே விழலாம்.

வாழ்த்துச் சொல்லிக் கிளாஸை உயர்த்துவதற்கு மட்டும்தான் ஷாம்பெயின் என்றால் 100 மி.லி. ஊற்றினால் போதும். ஒரு பாட்டிலில் ஏழு பேருக்கு வரும். இருபது பேருக்கு மூன்று பாட்டில். பெரும்பாலோர் அந்த முதல் வாயோடு கிளாஸைக் கீழே வைத்துவிடுவார்கள் என்பது என் அனுபவம்.

2. ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு கேட்பாங்களே, எல்லா வகையும் வாங்கி வைக்கணுமா?

வேண்டாம். வீடு பார் அல்ல. ஒரு சிவப்பு ஒயின், ஒரு வெள்ளை அல்லது நுரைக்கும் ஒயின், முன்பே கலந்து வைத்த ஒரே ஒரு காக்டெய்ல், ஆல்கஹால் இல்லாத நல்ல பானம் ஒன்று. இந்த நான்கும் இருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பத்து வகை பாட்டிலை அடுக்கி வைத்தால் நீங்கள் விருந்து முழுவதும் பாட்டில் திறப்பவராகவே இருப்பீர்கள், மறுநாள் பத்துப் பாட்டிலும் கால்வாசி மீதியோடு நிற்கும். எதைக் கொடுப்பது என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். வந்தவரிடம் "என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்பதைவிட "இது இருக்கு, இது இருக்கு, எது வேணும்?" என்று கேட்பது அவருக்கும் சுலபம்.

3. ஷாம்பெயின், ப்ரொசெக்கோ, காவா... எல்லாம் ஒண்ணுதானே? பேர்தானே வேற?

மூன்றும் நுரைக்கும் ஒயின்தான், ஆனால் ஒன்றல்ல. பிரான்சின் ஷாம்பெயின் பகுதியில், அங்கே விளைந்த திராட்சையில் செய்ததற்கு மட்டுமே ஷாம்பெயின் என்ற பெயர். ஒருமுறை நொதித்த ஒயினைப் பாட்டிலில் அடைத்து, அதற்குள்ளேயே இரண்டாவது முறை நொதிக்க விடுவார்கள். நுரை அங்கேதான் உருவாகிறது. லேபிளில் அறுவடை ஆண்டு போடாத ஷாம்பெயினே குறைந்தது 15 மாதம், ஆண்டு போட்டது மூன்று வருடம் பாதாள அறையில் கிடந்த பிறகுதான் வெளியே வரும். ஈஸ்ட்டோடு அவ்வளவு நாள் கிடப்பதால்தான் அதில் வறுத்த ரொட்டியின் வாசனை.

ப்ரொசெக்கோ வடகிழக்கு இத்தாலியில் க்ளெரா என்ற திராட்சையில் செய்வது. பெரும்பாலும் பெரிய எஃகுத் தொட்டியில் நுரைக்க வைப்பார்கள், அதனால் ஆப்பிள், பேரிக்காய் போலப் புதுப்பழ வாசனை நிற்கும். காவா ஸ்பெயின் நாட்டுச் சரக்கு. செய்முறை ஷாம்பெயினுடையதேதான், குறைந்தது ஒன்பது மாதம் கிடக்கும்.

காக்டெய்லில் கலக்கப் போகிறீர்கள் என்றால் ஷாம்பெயின் வேண்டாம். அதன் நுணுக்கம் பழச்சாற்றில் காணாமல் போய்விடும். ப்ரொசெக்கோவோ காவாவோ தாராளமாகப் போதும். ஷாம்பெயின் முறையில், ஆனால் பிரான்சின் வேறு பகுதிகளில் செய்யும் க்ரெமான் என்று ஒன்று உண்டு. அதிகம் பேர் கவனிக்காதது. பரிசுக்கு நான் அடிக்கடி எடுப்பது அதைத்தான்.

4. 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்று பார்த்து வாங்கினேன், இனிப்பா இருந்துச்சு. ஏமாத்திட்டாங்களா?

யாரும் ஏமாற்றவில்லை. ட்ரை என்றால் இனிப்பில்லாதது என்றுதான் அர்த்தம், ஆனால் அந்தக் காலத்தில் நுரைக்கும் ஒயின்கள் மிகவும் இனிப்பாக இருந்தன. அவற்றோடு ஒப்பிட்டு வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. இன்று லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் சர்க்கரை இருந்தால் அது எக்ஸ்ட்ரா ட்ரை. ப்ரூட் என்றால் 12 கிராமுக்குக் கீழே, எக்ஸ்ட்ரா ப்ரூட் 6 கிராம் வரை, ப்ரூட் நேச்சர் 3 கிராமுக்கும் கீழே. மறுபக்கம் டெமி செக் என்றால் 32 முதல் 50 கிராம், நல்ல இனிப்பு. யாருடைய ருசியும் தெரியாவிட்டால் ப்ரூட் எடுங்கள். கேக், இனிப்புப் பண்டங்களோடு கொடுப்பதற்கு டெமி செக். இனிப்புச் சாப்பிட்ட வாய்க்கு ப்ரூட் வெறும் புளிப்பாகத்தான் தெரியும்.

5. ஃப்ரிட்ஜில் வைக்க மறந்துட்டேன், இன்னும் அரை மணி நேரத்தில் ஆட்கள் வந்துடுவாங்க!

ஒரு வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு. பாட்டிலைக் கழுத்துவரை அமிழ்த்தி வையுங்கள். இருபது நிமிடத்தில் தயார். வெறும் ஐஸைவிடத் தண்ணீர் கலந்த ஐஸ் வேகமாகக் குளிர வைக்கும், ஏனென்றால் தண்ணீர் பாட்டிலைச் சுற்றி முழுதாக ஒட்டிக்கொள்கிறது. உப்பு அந்தத் தண்ணீரின் குளிர்ச்சியைப் பூஜ்யத்துக்கும் கீழே இறக்கும்.

ஃப்ரீசரில் வைக்கலாமா என்றால், சாதா ஒயினை வைக்கலாம், போனில் அலாரம் வைத்துக்கொண்டு. நுரைக்கும் ஒயினை வைக்காதீர்கள். மறந்தால் உறைந்து விரிந்து கார்க்கைத் தள்ளும், பாட்டிலே வெடிக்கவும் செய்யும்.

எவ்வளவு குளிர்ச்சி என்றும் கேட்பார்கள். நுரைக்கும் ஒயினுக்கு 6 முதல் 10 டிகிரி செல்சியஸ், வெள்ளைக்கு 8 முதல் 12, சிவப்புக்கு 14 முதல் 18. சிவப்பு ஒயினை 'அறை வெப்பநிலையில்' பரிமாற வேண்டும் என்பது குளிர்நாட்டுக் கல்வீடுகளின் அறையை வைத்துச் சொன்னது. உங்கள் அறை 30 டிகிரி என்றால் சிவப்பு ஒயினையும் இருபது நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள். சூட்டில் ஆல்கஹால் நெடிதான் முதலில் மூக்கில் ஏறும்.

6. ஷாம்பெயின் பாட்டிலைத் திறக்கவே பயமா இருக்கு. கண்ணில் பட்டுட்டா?

பயம் நியாயமானதுதான். உள்ளே ஐந்து, ஆறு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். முதலில் பாட்டில் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும், சூடாக இருந்தால்தான் சீறும். கழுத்தில் சுற்றிய தகட்டை உரித்துவிட்டு, கட்டைவிரலால் கார்க்கை அழுத்திக்கொண்டே அதைப் பிடித்திருக்கும் கம்பியைத் திருகுங்கள். ஆறு அரைச்சுற்றில் தளர்ந்துவிடும். கம்பியைக் கழற்றி எடுக்க வேண்டாம், தளர்த்தினால் போதும். அந்த நொடியிலிருந்து கட்டைவிரலை எடுக்கவே கூடாது.

அப்புறம் மேலே ஒரு துண்டைப் போட்டு, பாட்டிலை 45 டிகிரி சாய்த்து, ஆட்கள் இல்லாத பக்கம் பார்த்துப் பிடியுங்கள். கார்க்கைத் திருகாமல் பாட்டிலின் அடியைத் திருப்புங்கள். கார்க் தானாக ஏறி வரும், நீங்கள் தடுத்துப் பிடித்துக்கொண்டே விட வேண்டும். டப் என்ற சத்தம் வராமல் உஸ் என்று ஒரு பெருமூச்சு மட்டும் வந்தால் சரியாகத் திறந்துவிட்டீர்கள்.

7. எனக்கு ஒயின் பத்தி ஒண்ணும் தெரியாது. பரிசா எதைக் கொடுத்தா தப்பாகாது?

முதல் கேள்வி ஒயினைப் பற்றியது அல்ல: அவர் குடிப்பவரா? மதம், உடல்நிலை, குடியை விட்டுவிட்ட கதை என்று எதுவும் இருக்கலாம். தெரியாவிட்டால் பாட்டிலே வேண்டாம்.

குடிப்பவர்தான், ருசி மட்டும் தெரியாது என்றால் நுரைக்கும் ஒயின், ப்ரூட். எல்லோர் வீட்டிலும் கொண்டாட ஒரு காரணம் வந்துகொண்டேதான் இருக்கும். ஏற்கெனவே நிறைய வைத்திருப்பவருக்கு என்றால் அவர் தானாக வாங்க மாட்டாத ஒன்றைக் கொடுங்கள். என் தேர்வு போர்த்துகலின் மடெய்ரா, வீரியம் கூட்டிய ஒரு வகை ஒயின். செய்யும்போதே சூட்டிலும் காற்றிலும் வைத்துப் பக்குவப்படுத்துவதால், திறந்த பிறகும் மாதக்கணக்கில் கெடாது. தினம் ஒரு சின்ன கிளாஸாகக் குடித்து உங்களை நினைத்துக்கொள்வார். அதே நாட்டின் இன்னொரு வீரியம் கூட்டிய ஒயினான போர்ட்டில் டானி வகையும் அப்படித்தான், சில வாரம் தாங்கும். பார்வைக்குப் பெரிதாக இருக்க வேண்டுமென்றால் மேக்னம், அதாவது ஒன்றரை லிட்டர் பாட்டில். அதே ஒயின்தான், ஆனால் மேசை மேல் வைத்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

8. ஒயின் பழசானாதானே உசத்தி? பத்து வருஷம் எடுத்து வைக்கலாம்னு இருக்கேன்.

கடையில் கிடைக்கும் ஒயின்களில் பெரும்பாலானவை வாங்கிய ஓரிரு வருடத்துக்குள் குடிக்கச் செய்தவை. பத்து வருடம் வைத்தால் உயராது, சோர்ந்துபோகும். துவர்ப்பும் புளிப்பும் செறிந்த பிரான்சின் நல்ல போர்தோ, இத்தாலியின் பரோலோ, ஆண்டு போட்ட வின்டேஜ் போர்ட் போன்ற சிலதான் காலத்தோடு வளரும். அவற்றுக்கும் 10 முதல் 15 டிகிரிக்குள் மாறாத குளிர்ச்சியும் இருட்டும் வேண்டும், கார்க் காயாமல் படுக்க வைக்க வேண்டும். அடுப்படி அலமாரியில் நிற்க வைத்த பாட்டிலுக்கு வயது ஏறுவதால் ஒரு லாபமும் இல்லை.

9. கார்க் இல்லாம திருகு மூடி போட்டிருந்தா மட்டமான சரக்குன்னு அர்த்தமா?

இல்லை. கார்க்கில் சில சமயம் உருவாகும் ஒரு வேதிப்பொருள் ஒயினுக்கு நனைந்த அட்டைப்பெட்டி நாற்றத்தைக் கொடுத்துவிடும். அதைத் தவிர்க்கத்தான் ஆஸ்திரேலியா, நியூசிலாந்தின் நல்ல தயாரிப்பாளர்களே திருகு மூடிக்குப் போனார்கள். பரிசுக்குக் கார்க் பாட்டில்தான் அழகு என்று நினைத்தால் அது வேறு விஷயம், ருசிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

10. காக்டெய்லை முதல் நாளே கலந்து வைக்கலாமா? ஆட்கள் வந்த பிறகு ஷேக்கர் ஆட்டிக்கிட்டு நிக்க முடியாது.

வைக்கலாம், வைக்கத்தான் வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் அல்ல. ஒரே விதி: மதுவும் மதுவும் மட்டும் சேர்வது முதல் நாளே கலக்கலாம். எலுமிச்சைச் சாறு சேர்வதை அன்றைக்குக் காலையில். நுரைப்பது எதுவானாலும் கடைசி நொடியில், கிளாஸில்.

பலர் விடும் தவறு, தண்ணீரை மறப்பது. ஐஸில் போட்டுக் கலக்கும்போது ஐஸ் உருகிப் பானத்தின் அளவில் ஐந்தில் ஒரு பங்கு, கால் பங்கு தண்ணீர் சேர்கிறது. அந்தத் தண்ணீரும் செய்முறையில் ஒரு பொருள்தான். முன்பே கலந்து வைக்கும்போது அதை நாமே ஊற்ற வேண்டும். நெக்ரோனி என்ற கசப்புக் காக்டெய்லை எடுத்துக்கொள்வோம். ஜின் 200 மி.லி., காம்பாரி என்ற சிவப்புக் கசப்பு மது 200, மூலிகை சேர்த்த ஒயினான வெர்மூத்தில் இனிப்பு வகை 200, தண்ணீர் 120. மொத்தம் 720 மி.லி., காலியான ஒயின் பாட்டில் ஒன்றில் சரியாக அடங்கும், ஏழெட்டுப் பேருக்கு வரும். ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு ஆரஞ்சுத் தோல் ஒரு துண்டோடு ஊற்றிக் கொடுங்கள். ஐஸ் மேல் ஊற்றுவதானால் தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள். ஃப்ரீசர் வேண்டாம், இந்தக் கலவை அங்கே குழகுழவென்று உறையத் தொடங்கிவிடும்.

பெரிய அளவில் கலக்கும்போது பிட்டர்ஸ் (சொட்டுச் சொட்டாகச் சேர்க்கும் கசப்புச் சாறு), மசாலா போன்றவற்றை அப்படியே பெருக்கிப் போடாதீர்கள். பாதியில் ஆரம்பித்து ருசி பார்த்துக் கூட்டுங்கள். நான் முதல் தடவை எட்டுப் பேர் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு பெருக்கியதில் கிடைத்தது கஷாயம்.

11. சரி, ஷேக்கரே இல்லாம, கிளாஸிலேயே செய்யுற மாதிரி சுலபமா எதாவது?

நுரைக்கும் ஒயின் ஒரு பாட்டில் இருந்தால் போதும். கீர் ரோயால்: கிளாஸின் அடியில் கருந்திராட்சை போன்ற காசிஸ் பழத்தின் லிக்கர், அதாவது இனிப்பு மது, இரண்டு தேக்கரண்டி, மேலே குளிர்ந்த நுரைக்கும் ஒயின். அவ்வளவுதான், கலக்கக்கூட வேண்டாம். வெள்ளை ஒயினில் செய்யும் சாதா கீர், பிரான்சின் திஜோன் நகர மேயராக இருந்த ஃபெலிக்ஸ் கீர் விருந்தாளிகளுக்குக் கொடுத்துக் கொடுத்துப் பிரபலமானது. இது அதன் ராஜ வடிவம். அடியில் சிவப்பும் மேலே பொன்னிறமுமாகப் பார்க்கவே பண்டிகை மாதிரி இருக்கும்.

ஸ்ப்ரிட்ஸ் என்றால் மூன்று பங்கு ப்ரொசெக்கோ, இரண்டு பங்கு அபெரோல் என்ற ஆரஞ்சு நிறக் கசப்பு லிக்கர், ஒரு பங்கு சோடா, நிறைய ஐஸ். பகல் விருந்துக்கு மிமோசா, பாதி ஆரஞ்சுச் சாறு, பாதி நுரைக்கும் ஒயின். கொஞ்சம் வீரியம் வேண்டுபவர்களுக்கு ஃப்ரெஞ்ச் 75: ஜின் 30 மி.லி., எலுமிச்சைச் சாறு 15, சர்க்கரைப் பாகு 15, மேலே நுரைக்கும் ஒயின். முதல் உலகப் போர்க்கால பிரெஞ்சு 75 மி.மீ. பீரங்கியின் பெயர் அது, சும்மா வைக்கவில்லை. ஒருவருக்கு ஒன்றோடு நிறுத்துங்கள்.

12. பெரிய பாத்திரத்தில் பஞ்ச் செய்யணும். அளவு சொல்லுங்க.

பழைய கணக்கு ஒன்று இருக்கிறது: புளிப்பு ஒன்று, இனிப்பு இரண்டு, வீரியம் மூன்று, நீர்ப்பு நான்கு. எலுமிச்சைச் சாறு 250 மி.லி. என்றால் சர்க்கரைப் பாகு 500, ரம் ஒரு பாட்டில் 750, தண்ணீர் அல்லது ஆறின டீ ஒரு லிட்டர். மேலே ஜாதிக்காய் துருவிப் போடலாம். சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கரைத்த பாகுதான், ஆனாலும் 500 எனக்குத் திகட்டுகிறது, 350 போதும். டீ சேர்த்தால் அதன் லேசான துவர்ப்பு இனிப்பைக் கட்டுக்குள் வைக்கும். மது, புளிப்பு, இனிப்பு, தண்ணீர், மசாலா என்று ஐந்து சேர்வதால் 'பஞ்ச' என்ற சொல்லிலிருந்து பெயர் வந்தது என்பது பரவலான விளக்கம். மறுப்பவர்களும் உண்டு.

கவனம்: இந்தக் கலவையின் வீரியம் ஏறக்குறைய ஒயின் அளவு. ஆனால் பழரசம் போல இறங்கும். சின்ன கிளாஸ் வையுங்கள், பக்கத்தில் இதில் ரம் இருக்கிறது என்று ஒரு சீட்டும் எழுதி வையுங்கள், பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் இது கட்டாயம்.

13. சூடான மசாலா ஒயின் செய்யும்போது கொதிக்க வெச்சா ஆல்கஹால் எல்லாம் போயிடும்தானே? அப்போ எல்லாரும் குடிக்கலாமே?

போகாது. இது ஆபத்தான நம்பிக்கை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தனி ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும் என்பது உண்மை. ஆனால் தண்ணீரோடு கலந்திருக்கும்போது அது அப்படித் தனியாகப் பிரிந்து போய்விடாது. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி 15 நிமிடம் கொதித்த பிறகும் 40 சதவீதம் மிஞ்சும். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு 25 சதவீதம், இரண்டரை மணி நேரம் கழித்தும் 5 சதவீதம். ஆக, பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது கிடையாது. அவர்களுக்குத் திராட்சைச் சாற்றிலோ ஆப்பிள் சாற்றிலோ அதே மசாலாவைப் போட்டுத் தனியாகச் செய்யுங்கள்.

கொதிக்க வைக்கவும் கூடாது, ஒயின் கசந்துவிடும். கால் கப் தண்ணீரில் சர்க்கரை 60 கிராம், இரண்டு பட்டை, ஐந்தாறு கிராம்பு, ஒரு நட்சத்திர சோம்பு, ஆரஞ்சுத் தோல் போட்டு முதலில் பாகாகக் காய்ச்சுங்கள். மசாலாவின் சாரம் இறங்கியதும் ஒரு பாட்டில் சிவப்பு ஒயினை ஊற்றி, ஆவி எழும் பதத்தில், ஏறக்குறைய 70 டிகிரியில் வைத்திருங்கள். குமிழ் வரக் கூடாது. விலையுயர்ந்த ஒயினை இதில் ஊற்றுவது பாவம். பழச்சுவை தூக்கலான எளிய ஒயினே இதற்கு ஏற்றது.

14. எக்நாகில் பச்சை முட்டை போடுறாங்களே, ரம் ஊத்தினா கிருமி செத்துடும் இல்லையா?

அதை நம்பி யாருக்கும் கொடுக்காதீர்கள். ஊற்றிய உடனே ரம், முட்டையில் இருக்கக்கூடிய சால்மொனெல்லா கிருமியைக் கொன்றுவிடாது. பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்ந்த கலவையை மெல்லிய தீயில் கிளறிக்கொண்டே 71 டிகிரி வரை சூடாக்கி, ஆற வைத்து, பிறகு ரம் சேருங்கள். கரண்டியின் முதுகில் ஒட்டி நிற்கும் பதம் வந்தால் ஏறக்குறைய அந்தச் சூடுதான், ஆனாலும் சமையல் வெப்பமானி இருந்தால் நிம்மதி. பாஸ்டுரைஸ் செய்த முட்டை கிடைத்தால் இந்த வேலையே இல்லை.

15. ஐஸ் எவ்வளவு வேணும்?

நினைப்பதைப் போல இரண்டு மடங்கு. குடிப்பதற்கு ஆளுக்கு அரைக் கிலோ, பாட்டில்களைக் குளிர வைக்க அதே அளவு இன்னொரு முறை. பஞ்ச் பாத்திரத்துக்குக் கேக் தட்டில் தண்ணீர் ஊற்றி ஒரே கட்டியாக உறைய வையுங்கள், மெதுவாக உருகும். மீன், வெங்காயத்தோடு ஒரே ஃப்ரீசரில் திறந்து கிடந்த ஐஸ் அந்த வாசனையையும் சேர்த்துக்கொண்டுதான் கிளாஸுக்கு வரும்.

16. சாப்பாடு நல்ல காரம். என்ன ஒயின் ஒத்துப்போகும்?

துவர்ப்பான, ஆல்கஹால் தூக்கலான சிவப்பு ஒயின் காரத்தை இன்னும் ஏற்றிவிடும், நாக்கு எரியும். லேசான இனிப்பும் புளிப்பும் சேர்ந்த ஜெர்மன் ரீஸ்லிங் மாதிரி வெள்ளை ஒயின் நன்றாக அணைக்கும். சிவப்புதான் வேண்டும் என்பவர்களுக்குத் துவர்ப்புக் குறைந்த பொஜொலே, சற்றே குளிர வைத்து. பொரித்த பண்டங்களுக்கு மறுபேச்சில்லாமல் நுரைக்கும் ஒயின், எண்ணெய்ப் பிசுக்கை வெட்டி எடுத்துவிடும்.

17. மிச்சமான ஒயின் எத்தனை நாள் தாங்கும்? ஷாம்பெயினில் ஸ்பூன் போட்டு வெச்சா நுரை போகாதாமே?

ஸ்பூன் கதை பொய். வெள்ளி ஸ்பூனானாலும் சரி, எவர்சில்வரானாலும் சரி, அது வாயை மூடவில்லையே. சில நேரம் நுரை மிஞ்சுவதற்குக் காரணம் ஃப்ரிட்ஜின் குளிர்தான். நுரைக்கும் ஒயினுக்கென்றே இறுக்கிப் பிடிக்கும் மூடி கிடைக்கும், அதைப் போட்டால் இரண்டு மூன்று நாள் நிற்கும். வெள்ளையும் சிவப்பும் மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று முதல் ஐந்து நாள். ஆம், சிவப்பையும் ஃப்ரிட்ஜில்தான். குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்தால் போதும்.

அலமாரியில் திறந்தே கிடக்கும் வெர்மூத்தை இந்தச் சாக்கில் எடுத்துப் பாருங்கள். அது ஒயினில் செய்தது, விஸ்கி மாதிரி நினைத்து வருடக்கணக்கில் வைக்கிறார்கள். ஃப்ரிட்ஜில் வைத்து ஒன்றிரண்டு மாதத்தில் முடித்துவிட வேண்டும். 10-ஆம் கேள்வியின் நெக்ரோனி சரியாக வரவில்லை என்று என்னிடம் சொன்னவர்களில் பாதிப் பேர் வீட்டில் வில்லன் இந்தப் பழைய வெர்மூத்தான்.

18. குடிக்காதவங்களுக்கு கோலா வெச்சா போதாதா?

போதும், ஆனால் மற்றவர்கள் கையில் அழகான கிளாஸ் இருக்கும்போது அவர் கையில் மட்டும் பேப்பர் கப். அதுதான் உறுத்தும். அதே கிளாஸ், அதே ஐஸ், அதே ஆரஞ்சுத் தோல். உள்ளே இருப்பது மட்டும் வேறு. இனிப்பை மட்டும் நம்பாமல் புளிப்பும் துவர்ப்பும் சேருங்கள்: ஆறின கறுப்பு டீ, இஞ்சிச் சாறு, எலுமிச்சை, சோடா. பழமும் சர்க்கரையும் வினிகரும் சம அளவில் ஊற வைத்து வடிக்கும் ஷ்ரப் என்ற பாகும் சோடாவில் அருமையாக இருக்கும்.

ஆல்கஹால் நீக்கிய ஒயினும் கிடைக்கிறது. நுரைக்கும் வகைகள் பரவாயில்லை, சிவப்பு வகைகள் பெரும்பாலும் என்னை ஏமாற்றியிருக்கின்றன. அவற்றில் 0.5 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கலாம். துளியும் கூடாது என்பவருக்கு அதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். ஏன் குடிக்கவில்லை என்று மட்டும் யாரையும் கேட்காதீர்கள்.

19. ஒயின் சைவம்தானே? திராட்சைதானே?

திராட்சை சைவம். ஆனால் ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளை, பால் புரதம், ஜெலட்டின், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் போன்றவற்றைப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. அவை வண்டலோடு அடியில் தங்கி நீங்கிவிடும் என்றாலும், கடுமையாகச் சைவம் கடைப்பிடிப்பவருக்கு அது உறுத்தலாம். பென்டோனைட் என்ற களிமண்ணில் தெளிய வைப்பவர்களும், தெளிய வைக்காமலேயே அடைப்பவர்களும் இருக்கிறார்கள். லேபிளில் வீகன் என்று இருந்தால் கவலை இல்லை.

காக்டெய்லில் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். ஐரிஷ் க்ரீம் வகைகளில் பால் இருக்கும், நுரை வருவதற்காகச் சில காக்டெய்லில் முட்டை வெள்ளை சேர்ப்பார்கள், சில சிவப்பு லிக்கர்களுக்கு நிறம் கொடுப்பது கோச்சினீல் என்ற பூச்சியின் சாயம்.

20. ரெட் ஒயின் குடிச்சா மட்டும் தலைவலி. சல்ஃபைட்தானே காரணம்?

பெரும்பாலும் இல்லை. சல்ஃபைட் என்பது ஒயின் கெடாமல் இருக்கச் சேர்ப்பது. ஐரோப்பிய விதிப்படி சாதா சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 150 மி.கி. வரையும், வெள்ளையில் 200 மி.கி. வரையும் சல்ஃபைட் இருக்கலாம். அதாவது வெள்ளையில்தான் அனுமதி அதிகம். அதுதான் காரணம் என்றால் வெள்ளை ஒயின்தான் தலையை உடைக்க வேண்டும். உலர்ந்த ஆப்ரிகாட் பழத்தில் ஒயினைவிடப் பல மடங்கு சல்ஃபைட் உண்டு, அதைத் தின்று யாரும் தலையைப் பிடித்துக்கொள்வதில்லை. ஆனால் ஆஸ்துமா உள்ள சிலருக்குச் சல்ஃபைட் மூச்சுத் திணறலைக் கொண்டுவரும், அதனால்தான் லேபிளில் எச்சரிக்கை.

2023-இல் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறொன்றைச் சுட்டினார்கள். சிவப்புத் திராட்சைத் தோலில் உள்ள க்வெர்செட்டின், உடல் ஆல்கஹாலை உடைக்கும் பாதையில் ஒரு நொதியைத் தடுக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அதற்கிடையில், கிளாஸுக்குக் கிளாஸ் தண்ணீர் குடித்துப் பாருங்கள். அப்போதும் வலித்தால் உங்கள் உடம்பு சொல்வதைக் கேட்டுச் சிவப்பை விட்டுவிடுங்கள்.

21. விருந்தாளி கொண்டுவந்த பாட்டிலை அன்னிக்கே திறக்கணுமா? திறக்கலைன்னா கோபிச்சுக்குவாங்களா?

திறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அது உங்களுக்கான பரிசு, விருந்துக்கான சரக்கு அல்ல. உங்கள் சாப்பாட்டுக்கு நீங்கள் ஏற்கெனவே ஒயின் முடிவு செய்திருப்பீர்கள். ஒரு நன்றி சொல்லி உள்ளே வைத்துவிடலாம். ஆனால் பாட்டிலைக் குளிர வைத்துக் கொண்டுவந்திருந்தால் அன்றே குடிக்க ஆசைப்படுகிறார் என்று அர்த்தம், திறந்துவிடுங்கள். கொண்டுபோகும் பக்கம் நீங்கள் இருந்தால் இதையே திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்: அவசரப்படுத்தக் கூடாது என்றால் குளிர வைக்காமல் கொடுங்கள்.

22. விமானத்தில் பாட்டில் கொண்டுபோகலாமா?

கைப்பையில் 100 மி.லி.க்கு மேல் திரவம் பொதுவாகக் கூடாது, சுங்கவரியற்ற கடையில் முத்திரையிட்ட பையில் தருவதைத் தவிர. சரக்குப் பெட்டியில், 24 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ள ஒயின் போன்றவற்றுக்கு விமானப் பாதுகாப்பு விதியில் அளவுக் கட்டுப்பாடு இல்லை. அதற்கு மேல் 70 சதவீதம் வரை ஆளுக்கு ஐந்து லிட்டர், உடைக்காத பாட்டிலாக. 70-ஐத் தாண்டினால் ஏற்றவே மாட்டார்கள். இறங்கும் நாட்டின் சுங்க வரம்பு இதைவிடக் குறைவாக இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சில நாடுகளில் மதுவே கூடாது. பாட்டிலைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, பெட்டியின் நடுவில், துணிகளுக்கு இடையில் வையுங்கள்.

23. வீட்டிலேயே ஏதாவது செஞ்சு பாட்டிலில் அடைச்சுப் பரிசா கொடுக்கணும்னு ஆசை.

ஊற வைப்பது சுலபம். 40 சதவீத வோட்காவில் ஆரஞ்சு அல்லது எலுமிச்சையின் மஞ்சள் தோலை மட்டும் சீவிப் போட்டு ஒரு வாரம் வையுங்கள், வெள்ளைப் பகுதி சேர்ந்தால் கசக்கும். வடிகட்டிச் சர்க்கரைப் பாகு சேர்த்தால் லிமோன்செல்லோ மாதிரி ஒரு லிக்கர் தயார். செய்த தேதியைச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள். க்ரீம் சேர்த்த லிக்கர் செய்தால் அது ஃப்ரிட்ஜில்தான் இருக்க வேண்டும், சில நாளில் முடிக்க வேண்டும். பரிசுக்கு அது தோதுப்படாது.

வீட்டில் காய்ச்சி வடிக்கிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள். பல நாடுகளில் அது குற்றம். தெரியாமல் செய்தால் மெத்தனால் நஞ்சும் தீயும் உயிருக்கே உலை வைக்கும்.

24. ஒருத்தர் அளவு மீறிட்டார். கறுப்புக் காபி கொடுத்தா தெளிஞ்சிடுமா?

தூக்கம் மட்டும் கலையும், போதை அப்படியே இருக்கும். ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒரு கிளாஸ் என்ற கணக்கில்தான் உடம்பு ஆல்கஹாலை வெளியேற்றும். 1-ஆம் கேள்வியில் அதே கணக்கை வைத்தது ஒரு காரணத்தோடுதான். காபியோ குளிர்ந்த குளியலோ இதை வேகப்படுத்தாது. கார் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் கொடுங்கள், வண்டி பிடித்து அனுப்புங்கள் அல்லது படுக்க இடம் கொடுங்கள். படுக்க வைத்தால் ஒருக்களித்து. மல்லாந்து படுத்து வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாய் அடைத்துவிடும். எழுப்பினால் எழவில்லை, மூச்சு மெதுவாக அல்லது விட்டுவிட்டு வருகிறது, உதடு நீலமாகிறது என்றால் காத்திருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

தூக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், மெட்ரோனிடசோல் போன்ற ஆன்டிபயாடிக் எடுப்பவர்களும் அன்று 18-ஆம் கேள்வியின் பானங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

25. எனக்குப் பரிசா வந்த பாட்டிலையே இன்னொருத்தருக்குக் கொடுக்கலாமா? தப்பா?

தப்பில்லை, பாட்டில் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் மூன்றைப் பாருங்கள். எவ்வளவு நாள் எங்கே இருந்தது என்பது முதலாவது. 8-ஆம் கேள்வியில் சொன்ன அடுப்படி அலமாரியில் இரண்டு வருடம் நின்ற ப்ரொசெக்கோவை யாருக்கும் கொடுக்காதீர்கள், நீங்களே திறந்து பார்த்துவிடுங்கள். கொடுத்தவரும் வாங்குபவரும் ஒரே வட்டமா என்பது இரண்டாவது. மூன்றாவது, பைக்குள் கைவிட்டு அடிவரை தடவுங்கள். நான் ஒருமுறை பெருமையோடு கொடுத்த க்ரெமான் பையின் அடியில், எனக்கு அதைக் கொடுத்தவரின் கையெழுத்தில் என் பெயர் போட்ட வாழ்த்து அட்டை இருந்தது. வாங்கிக்கொண்டவர் அதை மறுநாள் கவரில் போட்டு எனக்கே அனுப்பி வைத்தார், கீழே ஒரு வரி சேர்த்து: "ஒயின் நன்றாக இருந்தது, இருவருக்கும் நன்றி."